இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் ஏறத்தாழ 59 மீட்டர் உயரம். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. அதை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 68 சென்டிமீட்டர் வரும். சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிடலாம். அதே கணக்கில் கோபுர வாசலில் நிற்கும் ஆளின் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் நிற்கும் அவர் மனைவியின் பட்டுப்புடவையில் நாலு அங்குல பார்டர் இருந்தால், பொம்மையில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அந்த ஒரு மில்லிமீட்டரில் ஜரிகை தெரிய வேண்டும். மாதிரி ரயில்களுக்கு ஆள் பொம்மை வரைபவர்களின் அன்றாடப் பாடு இதுதான்.

எண்பத்தேழு என்பது ஏதோ வாய்க்கு வந்த எண் இல்லை. உலகத்தில் மிகுதியாக விற்கும் மாதிரி ரயில்களின் அளவு அது, எச்.ஓ. என்று பெயர். நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். இன்ஜின், பெட்டி, பாலம், சிக்னல் எல்லாம் இந்த அளவில் கிடைக்கின்றன. ஆனால் ஆளில்லாத ஸ்டேஷன் பந்த் நாள் மாதிரி இருக்கும். அதனால் ஆட்களைச் செய்து விற்பதற்கென்றே நிறுவனங்கள் தோன்றின. ஜெர்மனியின் ப்ரைசர் 1949இலிருந்து இந்த வேலையில் இருக்கிறது. ஹாம்பர்க் நகரில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டில் நிற்கிற குட்டி மனிதர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். நம் நாட்டில் புனே கோத்ரூடில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தில் ஒரு முழு நகரமே ஓடுகிறது. 1998இலிருந்து மக்கள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

தமிழ் வீடுகளுக்கு இது புது விளையாட்டும் இல்லை. நவராத்திரிக்குக் கொலு வைக்கிறவர்கள், படிகளுக்குக் கீழே தரையில் ‘பார்க்’ போடுவார்கள். மண்ணைக் கொட்டி, கேழ்வரகோ கடுகோ முளைக்கவிட்டுப் புல்வெளி செய்து, கண்ணாடித் துண்டில் குளம் வைத்து, சுற்றிவர ஒரு சாவி ரயிலும் விடுவார்கள். எச்.ஓ. ஆசாமிகள் லேஅவுட் என்று சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான். ஒரே ஒரு வித்தியாசம், நம் பார்க்கில் அளவுக் கணக்கு கிடையாது. ரயிலைவிடப் பெரிய வாத்து குளத்தில் நீந்தும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கொலு பொம்மைகள் மிகுதியாக வருகிற இடங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தெருவின் ஆவணப் பெயர் அஸ்தகிரி தெரு. வழி கேட்கும்போது பொம்மைக்காரத் தெரு என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, பசையும் சாக் பவுடரும் சேர்த்துப் பிசைந்து, அச்சின் முன்பாதியிலும் பின்பாதியிலும் தனித்தனியாக அழுத்தி எடுக்கிறார்கள். இரண்டையும் ஒட்டி, வெயிலில் காயவைத்து, ஒட்டிய கோட்டைத் தேய்த்து மறைத்து, மேலே வெள்ளை அடிப்பார்கள். பிறகுதான் நிறம். களிமண் பொம்மைகளும் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் காகிதக்கூழ் காயாது. சீசன் முழுக்க வானத்தைப் பார்த்தபடிதான் வேலை.

கல்யாண செட், வளைகாப்பு செட், கிரிக்கெட் செட், கருட சேவை என்று கடையில் செட் செட்டாக அடுக்கியிருக்கும். ஊரில் நடப்பது உடனே அச்சில் ஏறிவிடும். 2019 ஜூலை 1 தொடங்கி 48 நாள் அத்திவரதர் தரிசனம் நடந்தது. அந்த வருஷக் கொலுவிலேயே சயனக் கோலமும் நின்ற கோலமும் பொம்மைகளாக வந்துவிட்டன.

கொலு பொம்மைக்கு நிறம் தீட்டும் முறையை அப்படியே இரண்டு சென்டிமீட்டர் ஆளுக்குப் போட்டால் என்ன ஆகும்? கோமாளி மாதிரி ஆகிவிடும். கைத்திறமை குறைவு என்பதால் அல்ல. இரண்டு பொம்மைகளையும் நாம் பார்க்கிற தூரமே வேறு.

கொலு பொம்மையில் முகம் ஓர் அங்குலம் இருந்தால், கண் இயற்கை அளவைவிடப் பெரிதாக, மை தீட்டி, வெள்ளை விழி தெளிவாகத் தெரியும்படி எழுதப்பட்டிருக்கும். எல்லா நிறமும் முடிந்த பிறகு, கை நடுங்காதவர் ஒருவர் உட்கார்ந்து எழுதுவது அது. கூடத்தில் நாலடி தள்ளி நிற்கிற விருந்தாளியை, விளக்கு வெளிச்சத்தில், அம்பாள் பார்க்க வேண்டும். சந்தனம், குங்குமம், மயில்பச்சை என்று கலப்பில்லாத நிறங்களே அங்கே எடுபடும்.

எச்.ஓ. ஆளை நாம் முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கிறோம் என்று வையுங்கள். அதை 87ஆல் பெருக்கினால் 26 மீட்டர். ஒரு ரயில் பெட்டியின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலான தூரம். இந்த முனையில் நின்றுகொண்டு பெட்டியின் அந்த முனையில் நிற்பவரைப் பாருங்கள். வெள்ளை விழி தெரிகிறதா? புருவத்துக்குக் கீழே இரண்டு நிழல் மட்டும் தெரியும். மற்றதை மூளை நிரப்பிக்கொள்கிறது. கணக்கும் இதையே சொல்கிறது. கருவிழி அகலம் சுமார் 12 மில்லிமீட்டர்; 87இல் ஒரு பங்கு 0.14 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவருக்கு முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் பிரித்தறிய முடிகிற எல்லை ஏறத்தாழ 0.09. எல்லைக்கோட்டில் நிற்கிற ஒரு புள்ளிக்காகத் தூரிகையைத் தீட்டிக்கொண்டு உட்காருவது வீண். தேர்ந்தவர்கள் கண்ணே வரைவதில்லை. கண்குழியில் நீர்த்த பழுப்பு நிறத்தை ஒரு துளி ஓடவிடுகிறார்கள், அவ்வளவுதான். கண் எழுதினால் அந்த ஆள் நாள் முழுக்கப் பேயைப் பார்த்தவன் போல முழித்துக்கொண்டு நிற்பான்.

அடுத்த சிக்கல் வெளிச்சம். ஆளைச் சுருக்குகிறோம், அறையில் எரிகிற டியூப்லைட்டை யார் சுருக்குவது? நாலடி டியூப்லைட், இந்த இரண்டு சென்டிமீட்டர் மனிதனுக்கு நூறு மீட்டருக்கு மேல் நீளமான விளக்கு. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒளி வந்து விழுந்தால் மடிப்பின் நிழல் எங்கே நிற்கும்? காலர் அடியில், அக்குளில், வேட்டி மடிப்பில் நிஜத்தில் விழ வேண்டிய நிழல் காணாமல் போகிறது. ஆகவே நிழலையும் பெயின்டாலேயே போட வேண்டும். கறுப்பு பிரைமர் அடித்துவிட்டு, தலைக்கு நேர் மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்ப்ரே காட்டினால், தோளும் மூக்கும் வெளுத்து, கீழ்ப்பக்கங்கள் இருட்டாக நிற்கும். உச்சி வெயிலை நிரந்தரமாக ஒட்டிவைத்தது போல் ஒரு வரைபடம் கிடைக்கும். அதன் மேல் மெல்லிய நிறம் போட்டால் வேலையில் பாதி முடிந்தது.

நிறமும் சும்மா இருக்காது. வெயிலில் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வீட்டு அறையில் சில நூறு கிடைத்தாலே அதிகம். வெயிலில் நிற்கும் கறுப்புக் குடைகூட நம் கண்ணுக்குச் சாம்பலாகவே படுகிறது. அதனால் பாட்டிலில் உள்ள கறுப்பை அப்படியே பூசினால் ஆளில் ஓட்டை விழுந்தது போலிருக்கும். கறுப்புக்குப் பதில் அடர்சாம்பல், அரக்குக்குப் பதில் ஒரு பிடி வெளுத்த அரக்கு. வேட்டிக்கும் சுத்த வெள்ளை வேண்டாம். தந்த நிறமும் சாம்பலும் கலந்து பூசி, மடிப்பின் முகட்டில் மட்டும் வெள்ளை. வேட்டி வெள்ளையாகத் தெரிய இதுவே வழி.

பூச்சின் கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த பூச்சு ஒன்று 0.05 மில்லிமீட்டர் இருந்தால், 87 மடங்கில் அது நாலு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த கம்பளி. மூக்கே கால் மில்லிமீட்டர் துருத்தியிருக்கிற முகத்தில் இரண்டு தடவை கெட்டியாகப் பூசினால் மூக்கு போய்விடும். கொலு பொம்மையில் இந்தக் கவலை இல்லை. அங்கே பெயின்ட் கொஞ்சம் தடித்தால் பளபளப்பு கூடும். இங்கே பால் போல நீர்த்து, இரண்டு மூன்று பூச்சாகப் போட வேண்டும்.

இப்போது பட்டுக்கு வருவோம். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு புடவையைச் சரியாக வரையாவிட்டால் ஊரார் விடமாட்டார்கள். ஜரிகைக்குத் தங்க பெயின்ட் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது உலோகத் துகள்கள். ஒரு துகள் 0.03 மில்லிமீட்டர் இருந்தாலே, நிஜ அளவில் இரண்டரை மில்லிமீட்டர் தகடு. ஜரிகை இழைக்கு இடமில்லாமல் சமிக்கி ஒட்டிய நாடகப் புடவையாகிவிடும். அதனால் உலோகமே இல்லாமல் தங்கத்தை வரைகிறார்கள். முதலில் காவி கலந்த பழுப்பு, அதன் நடுவில் மஞ்சள், முழங்காலிலும் இடுப்பிலும் துணி வளைகிற இடத்தில் மட்டும் கிட்டத்தட்ட வெள்ளையான ஒரு கீற்று. தங்கம் மின்னுவதாக நம் கண் நம்புவது அதன் நிறத்தை வைத்து அல்ல. இருட்டும் வெளிச்சமும் சட்டென்று மாறுவதை வைத்து.

மயில் கழுத்து நிறம் இன்னும் சுவையானது. தறியில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலமும் பச்சையும் ஒன்றையொன்று குறுக்கிட, துணி அசையும்போது நிறம் மாறும். பொம்மையில் இழையும் கிடையாது, அசைவும் கிடையாது. நீலத்தை அடியில் பூசி, மடிப்பின் பள்ளங்களில் அதை அப்படியே விட்டு, முகடுகளில் பச்சையை லேசாகத் தேய்த்தால் அந்த மாற்றம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நெசவாளர் இழையில் செய்வதை ஓவியர் மேடு பள்ளத்தில் செய்கிறார். புட்டா போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். 26 மீட்டர் தள்ளி நிற்கிற பெண்ணின் புடவையில் பார்டர் தெரியும், முந்தானை தெரியும், புட்டா தெரியாது.

வெளிநாட்டு செட்டுகளில் புடவைக்காரி கிடைப்பது அரிது. கோட்டு போட்டவர், கவுன் போட்டவர், நாய் பிடித்தவர் என்றுதான் வரும். வண்ணம் தீட்டாத செட் விலை குறைவு. அதில் கவுன் பெண்மணியைத் தேர்ந்தெடுத்து, டிஷ்யூ தாளை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து, ஊசி முனையால் கொசுவம் வைத்துச் சுற்றிவிட்டால் புடவை. கொண்டையும் மூட்டையும் எம்-சீலில். தோலுக்குச் செம்பழுப்பை அடியாக வைத்து, நெற்றியிலும் கன்னத்திலும் கொஞ்சம் வெளுத்த நிறம். இளஞ்சிவப்புப் பாட்டிலை நம்மூர் ஸ்டேஷனுக்குத் திறக்க வேண்டியதே இல்லை.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஆளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சுக் கோட்டை பிளேடால் சுரண்டி, ஒரு பாட்டில் மூடியின் மேல் இரட்டைப் பக்க டேப்பில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூடியைப் பிடித்து வரையலாம். கை பொம்மையில் படாது. தூரிகையில் பலரும் ஏமாறுவது, மிகச் சிறிய நம்பர்தான் நல்லது என்று நினைத்து. மூன்று பூஜ்யம் போட்ட தூரிகை பிடிக்கும் பெயின்ட், முகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நம் வெயிலில் காய்ந்துவிடும். முனை கூர்மையாகக் கூடும் ஒன்றாம் நம்பர் போதும். செயற்கை முடியே வாங்குங்கள். கீரி முடித் தூரிகை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் விற்பனை குற்றம். அக்ரிலிக் பெயின்ட் உலராமல் இருக்க, டிபன் பாக்ஸில் ஈரத் துணியை மடித்துப் போட்டு மேலே பட்டர் பேப்பர் விரித்தால், அதில் கலந்த நிறம் பல மணி நேரம் அப்படியே இருக்கும்.

எந்த ஸ்டேஷனைச் செய்வது? காஞ்சிபுரத்தையே செய்யலாம். அரக்கோணத்திலிருந்து இந்த ஊருக்கு ரயில் வந்தது 1865இல். இந்தியன் டிராம்வே கம்பெனி போட்ட அந்தப் பாதையின் அகலம் மூன்றடி ஆறு அங்குலம். இந்தியாவில் அப்படிப் போட்டது வெகு சில இடங்களில்தான். பிற்பாடு அது மீட்டர் கேஜாக மாறியது. மூன்றடி ஆறு அங்குலத்தை 87ஆல் வகுத்தால் 12 மில்லிமீட்டர் சொச்சம். மாதிரி ரயில் கடைகளில் குறுகிய பாதைக்கென்று விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இதற்குக் கச்சிதம். இன்றைய அகலப்பாதைக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். கடையில் கிடைப்பதோ பதினாறரை. பழைய காஞ்சிபுரத்தைச் செய்வதுதான் சுலபம்.

ஆட்கள்தான் பாக்கி. பிளாட்பாரத்தில் பூக்காரி, சிவப்புச் சட்டை போர்ட்டர், பட்டுப்புடவைக் கட்டோடு ஒரு நெசவாளர், கோயிலுக்கு வந்து திரும்புகிற குடும்பம், பெஞ்சில் தூங்குகிற தாத்தா. பெரிய அளவில் இவர்களையெல்லாம் அச்செடுக்கத் தெரிந்த கைகள் பொம்மைக்காரத் தெருவில் இருக்கின்றன. காகிதக்கூழ் இந்த அளவுக்கு இறங்காது. பிசின் அச்சு வேண்டும், தூரத்துக் கணக்கைக் கொஞ்சம் பழக வேண்டும். வாங்குகிறவர் கேட்கிற செட் அங்கே உருவாகும் என்பதற்கு அத்திவரதர் சாட்சி. அடுத்த நவராத்திரிக்கு பொம்மை வாங்கப் போகிறவர்கள், கல்யாண செட்டுக்கு விலை பேசும்போது, பார்க்கில் நிறுத்த ஒரு ஸ்டேஷன் செட் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.