பழசுக்குப் பக்குவம் – 11: துப்பாக்கிக்குள் ஒரு தோல் கிண்ணம்

ஏர்கன் அடி குறைந்துவிட்டால், "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு" என்பதுதான் முதலில் வரும் தீர்ப்பு. தாத்தா காலத்து ஏர்கன் பரணில் கிடக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் அது தப்பான தீர்ப்பு. நாற்பது, ஐம்பது வருஷத்து ஸ்பிரிங் கொஞ்சம் குறுகியிருக்கலாம். ஆனால் அதற்கு வெகு முன்பே காய்ந்து செத்திருப்பது தோல். பிஸ்டனின் முகத்தில் கிண்ணம்போல் உட்கார்ந்திருக்கும் தோல் வாஷர். சென்ற வாரம் பம்பு ஸ்டவ்வைப் பிரித்தபோது கையில் எடுத்துப் பார்த்தோமே, அதற்கு அண்ணன் முறை.

குழலை மடக்கும்போது அதோடு இணைந்த நெம்புகோல் பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே போய் ஒரு பிடியில் மாட்டி நிற்கிறது. விசையை இழுத்ததும் பிடி விடுகிறது, பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அதற்கு முன்னால் உள்ள காற்று ஒரு சின்னத் துவாரம் வழியாகத்தான் வெளியேற முடியும், அந்த வழியை ரவை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்று நசுங்கிச் சூடேறி, அழுத்தம் உச்சத்தைத் தொடும்போது ரவை கிளம்புகிறது. ரவையைத் தள்ளுவது ஸ்பிரிங் அல்ல, காற்று. தோல் வாஷர் சிலிண்டர் சுவரை ஒட்டிப் பிடிக்காவிட்டால் காற்று ஓரமாகப் பின்னால் நழுவிவிடும். அப்புறம் எவ்வளவு தடித்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் பிஸ்டன் சிலிண்டரின் முனையில் போய் "டங்" என்று இடிக்குமே தவிர, ரவைக்கு வேகம் வராது.

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே சிலிண்டருக்குள் அடைபடும் காற்றும் அந்த அளவு குறைவு. பாய்ந்து வரும் பிஸ்டனைக் கடைசி நொடியில் தாங்கி நிறுத்துவது இந்தக் காற்று மெத்தைதான், மெத்தை மெலிந்தால் இடி கூடும். கசியும் வாஷரோடு சுடுவது எங்கேயும் கெடுதல், இங்கே கூடுதல் கெடுதல். ரவை போடாமல் வெறுமனே சுடுவது எல்லாவற்றையும்விட மோசம். அதற்குத் தாங்க மெத்தையே கிடையாது.

நம் ஊர் வீடுகளில் கிடைக்கும் பழைய ஏர்கன்களில் மதிப்பானது ஜெர்மனியின் டயானா. ராஸ்டாட் நகரில் 1890இல் தொடங்கிய மேயர் அண்ட் கிராமெல்ஸ்பாக்கர் கம்பெனியின் சரக்கு. அதன் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: வேட்டைத் தேவதை டயானா தன் வில்லையும் அம்பையும் காலடியில் போட்டுவிட்டு ஏர்கன்னைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பாள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் போர் ஈடாக ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ கம்பெனிக்குப் போயின. அதனால்தான் பிற்கால ஜெர்மன் துப்பாக்கிகள் சில 'ஒரிஜினல்' என்ற பெயரோடு ஏற்றுமதியாயின. போருக்குப் பிந்தைய பல ஜெர்மன் டயானாக்களில் குழாய்மேல், மரக்கட்டையை ஒட்டி, செய்த மாதமும் வருஷமும் சின்ன எண்களில் அடித்திருக்கும். சிலவற்றில் அது துருவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். உப்புத்தாள் போடுவதற்கு முன் அதைத் தேடுங்கள்.

வெளிநாட்டுச் சரக்கு வருவது அரிதாக இருந்த காலத்தில் நம் தேவையைப் பார்த்துக்கொண்டது ஐ.எச்.பி. 1926இல் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனி அது. ஊருக்குக் குடிநீர் கொண்டுவரும் கான்கிரீட் குழாய்களை வார்த்த அதே கம்பெனி ஏர் ரைபிளும் செய்தது. அதன் 35ஆம் மாடல் டயானா 35ஐப் பார்த்துச் செய்தது. செய்நேர்த்தி ஜெர்மன் அளவுக்கு இராது, உள்ளே ராவிய தடங்கள் அப்படியே தெரியும். ஆனாலும் உழைக்கும். எனக்கு இவற்றின்மேல் தனி மரியாதை உண்டு.

பிரிப்பதற்கு முன் குழலில் உள்ள எண்ணைப் பாருங்கள். 177 என்றோ 4.5 என்றோ இருந்தால் நல்லது. 22 அல்லது 5.5 என்று இருந்தால் கருவிப்பெட்டியை மூடி வைத்துவிட்டு முதலில் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். பழைய துப்பாக்கிகளில் 'நம்பர் 1 போர்' என்றால் முன்னது, 'நம்பர் 2' என்றால் பின்னது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளை உள்ளதற்கும், 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தி உள்ளதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதற்கு முன்பு லைசென்ஸ் இல்லாமல் வாங்கிய பெரிய துளை ஏர்கன்கள் பல வீடுகளில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ விசாரித்து முறைப்படுத்துங்கள்.

20 ஜூல் என்பது எவ்வளவு? அரை கிராம் ரவை நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போனால் 8 ஜூலுக்குச் சற்று மேல் வரும். அதே ரவை 20 ஜூலைத் தொட நொடிக்கு 283 மீட்டர் வேகம் வேண்டும். நடுத்தர அளவுள்ள பழைய ஸ்பிரிங் துப்பாக்கி எதுவும் அதன் பக்கத்தில்கூடப் போகாது, போகவும் வேண்டாம்.

இப்போது பிரிக்கலாம். ரவை இல்லை, ஸ்பிரிங் ஏறியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மரக்கட்டையின் திருகாணிகளைக் கழற்றுங்கள். இதுவரை ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து அடுத்த படியில். ஸ்பிரிங் ஓய்வாக இருக்கும்போதும் முழுதாக ஓய்வில் இருப்பதில்லை, சில அங்குலம் அழுத்தப்பட்டேதான் சிலிண்டருக்குள் இருக்கிறது. பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குப் பின்களை அப்படியே தட்டினால் விசைக்கட்டை மார்பை நோக்கிப் பாயும். தச்சர்கள் பலகை ஒட்டும்போது இறுக்கும் நீளமான கிளாம்ப் ஒன்று போதும். எஸ்.ஜே.பி. ரோட்டுக் கருவிக் கடைகளில் கிடைக்கும். சிலிண்டரை அதில் படுக்கவைத்து, பின்முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே மரத்துண்டு கொடுத்து, லேசாக இறுக்கி, பின்களை எடுத்து, மெதுவாகத் தளர்த்துங்கள். முகத்துக்குக் கண்ணாடி போடுங்கள், நேர் பின்னால் நிற்காதீர்கள். கிளாம்ப் இல்லாமல், நெஞ்சில் அழுத்திப் பிடித்தே கழற்றுவதாகப் பெருமை பேசுபவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

டயானா 27, 35 வகைகளில் பிடியாக இருப்பது கொக்கி அல்ல, மூன்று சின்ன எஃகு குண்டுகள். பிஸ்டன் தண்டின் பள்ளத்தில் அவை மூன்றும் சேர்ந்து உட்கார்ந்து கவ்விக்கொள்கின்றன. அழகான ஏற்பாடு. கட்டை வெளியே வரும்போது அவை உருண்டோடும், ஆகவே மேசையில் முதலிலேயே வெள்ளைத் துணி விரித்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது குண்டுகளைக் கொஞ்சம் கிரீஸ் வைத்து ஒட்டவைத்தால் இடத்தில் நிற்கும்.

பழைய வாஷர் கருத்து, கல்லாக இறுகி வெளியே வரும். ஓரம் கிழியாமல் இருந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். குதிரைச் சேணத்துக்குப் பூசும் மாட்டுக்குளம்பு எண்ணெயில் ஊறவிட்டால் சில வாஷர்கள் மீண்டும் மெத்தென்று ஆகிவிடும். கிழிந்திருந்தால் புதிதாகச் செய்ய வேண்டும். இங்கேதான் தோல் வகை முக்கியம். குரோம் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும், ஆனால் வளைத்துவிட்ட வடிவத்தில் நிற்காது. வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடும் தொழில் தமிழ்நாட்டுக்குப் பழையது, திண்டுக்கல் தோல் அந்த வகையில் பேர் பெற்றது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சிலிண்டர் அளவுக்குத் துளையிட்ட மரவளையத்துக்குள் ஓர் உருளைக்கட்டையால் அழுத்தி, இறுக்கி, அப்படியே காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம், நிழலில். காய்ந்ததும் கிண்ணமாக வெளியே வரும். விளிம்பைக் கூர்க்கத்தியால் நேராக்கி, எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டலாம். குழல் மடங்கும் இடத்தில் இன்னொரு சின்ன வாஷர் உண்டு. அதையும் மாற்றுங்கள். பாதிக் கசிவு அங்கேதான்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. வேண்டாம். டிசம்பர் இரவில் நம் ஊரில் பாட்டிலிலேயே உறைந்து நிற்கும் எண்ணெய் அது, நாளானால் கமறிப்போகும். மிஷின் ஆயிலும் வேண்டாம். பிஸ்டனுக்கு முன்னால் காற்று நசுங்கும்போது ஏறும் சூடு, டீசல் என்ஜினில் நடப்பதைப்போலவே, அந்த எண்ணெயைப் பற்றவைத்துவிடும். வெடிச்சத்தமும் புகையும் வரும். சுடுபவருக்குத் துப்பாக்கி பலம் பெற்றதுபோல் தோன்றும். உண்மையில் வாஷர் கருகி, ஸ்பிரிங் உடைய வழி பிறக்கிறது. ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் பக்கவாட்டுக்கும் மாலிப்டினம் கலந்த கிரீஸ், விரலில் தொட்டுத் தடவும் அளவு மட்டும். வாஷருக்கு வருஷத்துக்கு ஓரிரு தடவை மாட்டுக்குளம்பு எண்ணெய் சில சொட்டு: குழலை மடக்கி, காற்றுத் துவாரத்தில் விட்டு, மரக்கட்டை கீழே இருக்கும்படி ஓர் இரவு நிறுத்திவைத்தால் தானாக இறங்கிக்கொள்ளும்.

ஸ்பிரிங்கைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பாருங்கள். நேராக உருண்டால் அதையே பூட்டலாம். தள்ளாடினால்தான் புதிது. பீன்யாவில் ஸ்பிரிங் சுற்றும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு பட்டறையில், தர்மபுரிப் பக்கத்து ஃபிட்டர் ஒருவர், கொஞ்சம் தடிமனான கம்பியில் சுற்றித் தரச் சொன்ன ஒருவரிடம் பேசியதைக் கேட்டேன். "பழைய கம்பி எவ்ளோ இருந்துச்சோ அதேதான் போடணும் சார். தடியா போட்டா பிஸ்டன் இடிச்சு இடிச்சு உள்ள எல்லாம் ஆட்டம் கண்டுடும். அப்பறம் என்னாண்ட வராதீங்க." அவர் சொன்னதற்குமேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. பழைய துப்பாக்கியைப் புதுப்பிப்பது என்றால் அது பிறந்தபோது இருந்த பலத்துக்குக் கொண்டுவருவது. அதற்குமேல் கேட்பது அதை உடைப்பது.

வெளிப்புறத்துக்கும் இதே அளவுதான். துருவை மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் எண்ணெய் தொட்டு மெல்லத் தேயுங்கள். தேய்ந்த நீலநிறத்தை அப்படியே விடுங்கள், பளபளப்பான புதுப்பூச்சு அந்த உடம்புக்குப் பொருந்தாது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள். ஜூன் முதல் அக்டோபர்வரை ஈரமான மாதங்களில் பஞ்சு உறையில் பூட்டி வைக்காதீர்கள். உறை ஈரத்தை உறிஞ்சி இரும்பின்மேலேயே வைத்திருக்கும். எண்ணெய்த்துணியால் துடைத்து, காற்றுப்படும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பூட்டுவது துருவுக்காக அல்ல, குழந்தைகளுக்காக.

எதைச் சுடுவது என்பதையும் சொல்லியாக வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் லும்டுங் என்ற கிராமத்தில் ஓர் இயக்கம் தொடங்கியது. பறவைகளும் சிறு விலங்குகளும் அருகிவருவதைப் பார்த்த மக்கள் தங்கள் ஏர்கன்களைத் தாங்களாகவே அரசிடம் ஒப்படைத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை வந்து சேர்ந்தன. ஒரு சின்ன ரவை ஒரு காட்டை எவ்வளவு மௌனமாக்கும் என்பதை அனுபவித்தவர்கள் எடுத்த முடிவு அது. லால்பாக்கிலும் அலசூர் ஏரிக்கரையிலும் மிஞ்சியிருக்கும் பறவைகளை நினைத்தே இந்த வாரம் எழுதுகிறேன். இந்தத் துப்பாக்கியின் இலக்கு காகிதம்தான். பின்னால் தடித்த எஃகுத் தகடு அடித்த பெட்டி, அதற்குள் அடைப்புக் களிமண், சுற்றிலும் யாரும் குறுக்கே வர முடியாத சுவர். இவை இல்லாத வீட்டில் சுட வேண்டாம். ரவை ஈயம், சுட்ட பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

புது வாஷர் போட்டபின் முதல் சில ரவைகளுக்குக் கொஞ்சம் புகை வரும், எண்ணெய் வாடை அடிக்கும். வாஷர் சிலிண்டரோடு பழகப் பழக அது நின்று, சுடும் ஓசையும் மந்தமாகும். நிற்காவிட்டால் எண்ணெய் அதிகம் என்று பொருள். குழலைத் திறந்து ரவை வைக்கும்போதெல்லாம் மறு கையால் குழலை இறுகப் பிடித்திருங்கள். பிடி நழுவினால் குழல் படாரென்று மேலே அடித்து விரலை நசுக்கிவிடும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, அது நிற்கும்போது முன்னால் இழுக்கிறது. இந்த இரட்டை அதிர்வில் மரக்கட்டைத் திருகாணிகள் எப்போதும் தளரும். குறி திடீரென்று தவறத் தொடங்கினால் உள்ளே எதையும் பிரிக்க வேண்டாம், முதலில் அந்தத் திருகாணிகளை முடுக்குங்கள்.

(தொடரும்)