புரோட்டான் சிகிச்சையும் குடும்பச் சுமையும்



மண்டையோட்டின் அடியிலும் முதுகெலும்பின் கீழ்முனையிலும் 'கார்டோமா' என்னும் அரிய எலும்புப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. மூளைத்தண்டு, பார்வை நரம்பு போன்றவை அருகிலிருப்பதால் அறுவை சிகிச்சையில் முழுவதும் அகற்ற இயலாமல் போகலாம். மிஞ்சியதை அழிக்க மிகுந்த கதிர்வீச்சு வேண்டும். வழக்கமான எக்ஸ் கதிர் கட்டியைக் கடந்தும் சென்று நல்ல திசுக்களைத் தாக்கும். புரோட்டானோ, குறித்த ஆழத்தில் தன் ஆற்றலின் பெரும்பகுதியை இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இதை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாமென 1946-இல் எழுதியவர் ராபர்ட் வில்சன். அதற்குமுன் அணுகுண்டுத் திட்டத்தில் உழைத்தவர் அவர்!

சென்னையில் 2019-இல் இச்சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. செலவோ பல லட்சம். எல்லாப் புற்றுநோய்க்கும் இது தேவையுமில்லை.

"வீட்டை விற்று வைத்தியம் பார்க்காவிட்டால் பாவமா, சாமி?" என்று கேட்கிறார்கள். இல்லை. குடும்பத்தின்மீது மிகையான செலவைச் சுமத்த விரும்பாமல் இத்தகைய சிகிச்சையை நோயாளி மறுப்பது தற்கொலைக்கு ஒப்பாகாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980-இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆனால் அம்முடிவு நோயாளியினுடையது. அவரிடம் நோயையே மறைத்துவிட்டு உறவினர் கூடிப் பேசி முடிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அது முறையல்ல.

நோயிற்பூசுதலையும் நினைவிழக்கும் வரை தள்ளிப்போடாமல், சிகிச்சைக்குப் புறப்படுமுன்பே உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.