நெய்யாற்று நீரைக் கணினி பங்கிடுமா?

2017 கோடையில் திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் தரும் பேப்பாறை அணை வற்றத் தொடங்கியது. உடனே நெய்யாறு அணையில், காப்புக்காட்டில் பம்புகளை இறக்கி, தண்ணீரைக் கரமனையாற்றுப் பக்கம் திருப்பி, நகரத்தின் குடிநீர் எடுக்கப்படும் அருவிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். தலைநகரம் தப்பியது. ஆனால் நெய்யாறு பாசனத்துக்காகக் கட்டிய அணை. நகரத்துக்கு இத்தனை நாள் இறைத்தால் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் சானலில் எத்தனை நாள் தண்ணீர் குறையும்? இந்தக் கணக்கை நெருக்கடி வருமுன்பே போட்டுக் காட்டுவதுதான் ‘முடிவெடுக்க உதவும் அமைப்பு’ என்ற மென்பொருளின் வேலை.

மழையளவு, அணை நீர்மட்டம், ஆவியாதல், சானலில் கசிவு, பயிர்க்காலம், குடிநீர்த் தேவை எல்லாவற்றையும் அதற்குக் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் என்ன ஆகும், மதகைப் பத்து நாள் தள்ளித் திறந்தால் கடைமடைக்கு எவ்வளவு குறையும் என்று அதிகாரி கேட்கலாம். பதில் எண்ணாக வரும். மழைக்காலத்தில் கேள்வி தலைகீழாகும். நெய்யாறு அணையின் முழுக் கொள்மட்டம் 84.75 மீட்டர். மலையில் மழை கொட்டும்போது ஷட்டரை எப்போது, எவ்வளவு உயர்த்தினால் கீழே உள்ள ஊர்கள் மூழ்காது என்பதற்கும் அதே கணக்குதான்.

நம் நாட்டுக்கு இந்த மென்பொருள் புதிதல்ல. உலக வங்கி உதவியோடு நடந்த நீரியல் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிறுவனம் டென்மார்க்கின் டிஎச்ஐ நிறுவனத்தோடு சேர்ந்து ஒன்பது மாநிலங்களுக்காக இதை உருவாக்கியது. கேரளமும் தமிழ்நாடும் அந்த ஒன்பதில் அடங்கும்.

ஆனால் நெய்யாறு வெறும் கணக்கு விவகாரம் அல்ல. திருவிதாங்கூர்-கொச்சிக் காலத்தில் தொடங்கிய திட்டம் இது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. இடதுகரைச் சானலோ எல்லை தாண்டி ஓடியது. 2004-இல் கேரளம் அந்தத் தண்ணீரை நிறுத்தியது. விளவங்கோட்டில் சுமார் 9,200 ஏக்கர் பாசனம் போயிற்று என்று தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. நெய்யாறு முழுவதும் தன் மாநிலத்துக்குள் ஓடும் ஆறு என்பது கேரளத்தின் வாதம்.

இந்த வழக்கை எந்த மென்பொருளும் தீர்க்காது. விளவங்கோட்டின் தேவை என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதினால், அதையும் ஏற்றுக்கொண்டு அழகாகக் கணக்குப் போட்டுத் தரும். யாரை வரைபடத்தில் சேர்ப்பது என்பதை மனிதர்கள்தான், அதுவும் அரசியல்வாதிகள்தான், முடிவுசெய்கிறார்கள். அதற்காக இதைப் பயனற்றது என்று தள்ளவும் முடியாது. “அணையில் தண்ணீர் இல்லை” என்று ஒரு தரப்பு சொல்லும்போது, உண்மையிலேயே இல்லையா, சானலில் கசிந்து போகிறதா என்று மறு தரப்பு சரிபார்க்க வேறு நல்ல வழி இல்லை.

பாறசாலை விவசாயியும் எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் களியக்காவிளை விவசாயியும் இன்றே சேர்ந்து கேட்கக்கூடியது ஒன்று உண்டு: அணைக்கு வரும் நீர், திறக்கும் நீர், கடைமடையில் சேரும் நீர் மூன்றையும் தினமும் அளந்து, மலையாளத்திலும் தமிழிலும் பொதுவில் வையுங்கள்.