செகண்ட் வந்தால் என்ன, ஸார்?

எந்த வகுப்பிலும் ஃபர்ஸ்ட் ராங்க் வாங்கின பையனின் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செகண்ட் ராங்க் யார் என்று கேட்டால், 'கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒல்லியாக ஒருத்தன் இருந்தானே...' என்று மோட்டுவளையைப் பார்ப்போம். இது அப்படிப்பட்ட இரண்டு பேரின் கதை. வருஷம் 1983. ஊர் இங்கிலாந்து. வகுப்பு, பிரிட்டிஷ் ஃபார்முலா-3 கார் பந்தய சாம்பியன்ஷிப்.

ஃபர்ஸ்ட் ராங்க், பிரேசிலிலிருந்து வந்த அயர்ட்டன் சென்னா. வயது 23. செகண்ட் ராங்க், உள்ளூர்க்காரர் மார்ட்டின் பிரண்டில். ஒரு வயது மூத்தவர். வீட்டில் கார் விற்கிற வியாபாரம்.

மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை மொத்தம் 20 ரேஸ். முதல் ஒன்பதையும் சென்னாவே ஜெயித்தார். ஒன்று விடாமல் ஒன்பது! பெரும்பாலான ரேஸ்களில் அவருக்குப் பின்னால் வந்து கொடியைப் பார்த்தவர் பிரண்டில். 'சரி, கதை முடிந்தது, கப்பைக் கொடுத்து அனுப்புங்கள்' என்றுதானே நினைப்பீர்கள்? இங்கிலாந்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால், கடைசி ரேஸுக்கு முந்தின நாள் பாயிண்ட் பட்டியலில் முதலில் இருந்தது பிரண்டில். வித்தியாசம் ஒரே ஒரு பாயிண்ட்.

எப்படி ஆயிற்று? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மட்கார்ட் இல்லாத உலகம்

முதலில் கொஞ்சம் 'டெக்னிக்கல்' சமாசாரம். பயப்படாதீர்கள், இரண்டு பாராவில் முடித்துவிடுகிறேன்.

ஃபார்முலா-3 கார் என்பது ஓர் ஆள் மட்டும் படுத்த வாக்கில் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மட்கார்ட் கிடையாது. ஓடுகிற ஒரு சக்கரம் இன்னொருவர் சக்கரத்தில் ஏறினால், வண்டி ஆகாய விமானம் ஆகிவிடும். 2 லிட்டர் எஞ்சின். ஆனால், அது மூச்சு விடும் குழாயை 24 மில்லிமீட்டருக்கு இறுக்கிவிடுவார்கள். ஆகவே, யாருக்கும் 'எக்ஸ்ட்ரா' சக்தி கிடைக்காது. அந்த வருஷம் சென்னாவின் வண்டி ரால்ட் ஆர்.டி.3, எஞ்சின் டொயோட்டா. பிரண்டிலின் வண்டி? அதே ரால்ட், அதே டொயோட்டா. ஒரே கடையில் எடுத்த இரண்டு சட்டை மாதிரி. உள்ளே இருக்கிற ஆள்தான் வேறு.

ரேஸ் நடக்கும் இடங்களும் ஆடம்பரமானவை அல்ல. சில்வர்ஸ்டோன், த்ரக்ஸ்டன், ஸ்னெட்டர்டன் எல்லாமே இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் இறங்கின மைதானங்கள். போர் முடிந்ததும், 'இவ்வளவு நல்ல தார் ரோடு சும்மா கிடக்கிறதே' என்று கார் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் நம்மவர்கள் செய்ததும் அதேதான்.

'சில்வா'ஸ்டோன்!

சென்னாவின் முழுப் பெயர் அயர்ட்டன் சென்னா டா சில்வா. பிரேசிலில் 'சில்வா' என்பது நம்மூர் குமார் மாதிரி. கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால், அம்மா பிறந்த வீட்டுப் பெயரான சென்னாவை வைத்துக்கொண்டார். வசதியான குடும்பம். 1981-ல் இங்கிலாந்து வந்து, ஆரம்ப நிலைப் பந்தயங்களில் இரண்டு பட்டங்களை அள்ளிக்கொண்டு, 'போதும்பா' என்று ஊருக்குத் திரும்பிவிட்டார். அப்பாவுக்கு மகன் குடும்பத் தொழிலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மகனால் சில மாதங்கள்கூடத் தாக்குப் பிடிக்க முடியவில்லை. 1982-ல் திரும்பி வந்து, அடுத்த படியிலும் பிரிட்டிஷ், ஐரோப்பியப் பட்டங்கள் இரண்டையும் ஜெயித்தார். 1983-ல் டிக் பென்னட்ஸ் என்ற நியூஸிலாந்துக்காரரின் டீமில் ஃபார்முலா-3.

பிரண்டிலின் டீம் முதலாளி எடி ஜோர்டான். அயர்லாந்துக்காரர். ஒரு காலத்தில் பேங்க் கிளார்க்! ஆமாம் ஸார், பேங்க் ஆஃப் அயர்லாந்தில் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆசாமி. இதைப் படிக்கிற வங்கி ஊழியர்கள் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கலாம்.

சீஸன் ஆரம்பித்தது. சில்வர்ஸ்டோனில் சென்னா. த்ரக்ஸ்டனில் சென்னா. மறுபடி சில்வர்ஸ்டோனில் சென்னா. பத்திரிகைக்காரர்கள் அந்த டிராக்கின் பெயரையே 'சில்வா'ஸ்டோன் என்று மாற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். சென்னாவின் ரகசியம் முதல் லேப். டயர் சூடாகாத நேரத்தில் மற்றவர்கள் வழுக்குமோ என்று பயந்து பயந்து ஓட்டுவார்கள். இந்த மனுஷன் அப்போதே பறப்பார். மற்றவர்களுக்கு டயர் சூடாவதற்குள் ஆளைக் காணோம்.

பிரண்டிலை நினைத்துப் பாருங்கள். அவர் மோசமாக ஓட்டவில்லை. அந்த மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரையும் ஜெயிக்கிறார், ஒருத்தரைத் தவிர. ஒவ்வொரு ஞாயிறும் அதே ஒருத்தர். ஆபீஸில் உங்களுக்கு முந்தின வருஷம் சேர்ந்த ஒரே ஒருவர் இருக்கிறார், அவர் ரிட்டயர் ஆகிற வரை உங்களுக்கு பிரமோஷன் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி.

பத்தாவது ரேஸ்

ஜூன் 12, சில்வர்ஸ்டோன். பிரண்டில் முன்னால் போனார். சென்னாவுக்கு முதல் தடவையாக எதிரே வேறொருவரின் புகைக்குழாய் தெரிந்தது. துரத்தினார். டிராக்கை விட்டு வெளியே போனார். பிரண்டில் ஜெயித்தார்.

அடுத்த வாரம் கேட்வெல் பார்க். பிராக்டிஸில் சென்னாதான் எல்லாரையும்விட வேகம். முதல் இடத்திலிருந்து புறப்படலாம். பேசாமல் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு டீ குடித்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போய்க் காட்டுகிறேன் என்று மறுபடி போனார். வண்டி நொறுங்கியது. ரேஸில் புறப்படவே முடியவில்லை. பிரண்டில் ஜெயித்தார்.

ஜூலை 3, ஸ்னெட்டர்டன். முன்னால் பிரண்டில், பின்னால் சென்னா. ரேஸ் முடிகிற நேரம். இரண்டாவதாக வந்தால் 6 பாயிண்ட் பத்திரமாகப் பைக்குள் வரும். சென்னா முந்தப் பார்த்தார். இடமில்லாத இடத்தில் இடம் தேடினார். வெளியே போனார். பிரண்டில் ஜெயித்தார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஜெயித்தால் 9 பாயிண்ட், இரண்டாவது 6, மூன்றாவது 4. எதிரிக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தால் உங்களுக்கு நஷ்டம் 3. முட்டிக்கொண்டு நின்றால் நஷ்டம் 9. நம்ம வீட்டில் பால் கணக்கு எழுதுகிறவர்கள்கூட இதில் எது லாபம் என்று சொல்லிவிடுவார்கள். சென்னாவுக்குத் தெரியாதா? தெரியும். மனசு கேட்கவில்லை.

நடுவில் ஒரு வெற்றி. ஜூலை 16, பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடக்கிற அதே வார இறுதியில், ஃபார்முலா-1 முதலாளிகள் எல்லாம் வந்திருக்கிற சில்வர்ஸ்டோனில் சென்னா ஜெயித்தார். அதே மாதம், வில்லியம்ஸ் டீம் தங்கள் ஃபார்முலா-1 காரை டானிங்டன் டிராக்கில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னது. சில லேப்களிலேயே வெளுத்து வாங்கினார். உலகின் உச்சியில் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. கையிலிருக்கிற சின்னப் பட்டமோ நழுவிக்கொண்டிருக்கிறது!

ஆகஸ்ட் 6, ஓல்ட்டன் பார்க். பிரண்டில் முன்னால். சென்னா உள்பக்கமாக மூக்கை நுழைத்தார். முதலில் மட்கார்ட் இல்லாத வண்டி என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? சென்னாவின் கார், பிரண்டிலின் காருக்கு மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. கீழே ஹெல்மெட்டுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். நல்ல வேளை, அடியில்லை. இருவரும் அவுட்.

பிரண்டில் பின்னாளில் இதைப்பற்றி ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். மோதல் நிச்சயம் என்கிற இடத்தில் சென்னா வண்டியைக் கொண்டுவந்து வைத்துவிடுவாராம். 'மோதணுமா வேண்டாமா, நீயே முடிவு பண்ணிக்கோ' என்று அந்தப் பொறுப்பை எதிராளியிடம் விட்டுவிடுவாராம். ஒரு தடவை வழி விட்டால் போச்சு. அடுத்த தடவையும் வழி விடுவீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிரண்டில் அன்று வழி விடவில்லை. அதுதான் அந்த சீஸனில் அவர் செய்த பெரிய காரியம் என்பேன்.

செப்டம்பரில் பிரண்டில் ஜெயித்துக்கொண்டே வந்தார். அக்டோபர் ஆரம்பத்தில் சில்வர்ஸ்டோனிலும் ஜெயித்தார். 'சில்வா'ஸ்டோனாவது ஒன்றாவது!

ஒரு துண்டு டேப்

அக்டோபர் 23, த்ரக்ஸ்டன். கடைசி ரேஸ். பிரண்டில் ஒரு பாயிண்ட் முன்னால்.

சென்னா என்ன செய்தார் தெரியுமா? தன் எஞ்சினில் ஏதோ குறை என்று பட்டிருக்கிறது. தபாலில் அனுப்பவில்லை, மெக்கானிக்கையும் அனுப்பவில்லை. எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தானே இத்தாலி வரை ஓட்டிப் போய், நோவாமோட்டார் பட்டறையில் நின்று சரி பண்ணிக்கொண்டு வந்தார்.

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்; எஞ்சின் இழுக்காது. பொங்கலன்று காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆயில் சீக்கிரம் சூடாக வேண்டும் என்றால், அதைக் குளிர வைக்கிற ரேடியேட்டரில் காற்றுப் போகிற வழியை டேப் போட்டு அடைத்துவிட வேண்டும். முதல் லேப்பிலிருந்தே முழு சக்தி! ஆனால், அப்படியே விட்டால் சில லேப்களில் ஆயில் கொதித்து எஞ்சின் போய்விடும். ஓடும்போதே டேப்பைப் பிய்க்க வேண்டும். யார் பிய்ப்பது? ஓட்டுகிறவர்தான். இருக்கை பெல்ட்டைத் தளர்த்தாமல் கை எட்டாது.

கொடி அசைந்தது. சென்னா வழக்கம்போல் முதல் லேப்பிலேயே பறந்தார். இடைவெளி விழுந்தது. பிறகு, அந்த வேகத்தில், ஒரு கையால் ஸ்டீயரிங், இன்னொரு கையை வெளியே நீட்டி டேப்பைப் பிய்த்து எறிந்தார். நான் ஸ்கூட்டரில் போகும்போது சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எடுக்கவே ஓரமாக நிறுத்துகிற ஜாதி. எனக்கு எழுதும்போதே கை வியர்க்கிறது.

சென்னா ஜெயித்தார். சீஸனின் பன்னிரண்டாவது வெற்றி. பிரண்டில் மூன்றாவது. அன்றைக்கு அவர் இரண்டாவதாக வந்திருந்தாலும் போதாது. வருஷம் பூராவும் செகண்ட் வந்து பாயிண்ட் சேர்த்தவருக்கு, செகண்ட் உதவாத ஒரே நாள் அதுதான்!

அப்புறம்?

1984-ல் இருவரும் ஃபார்முலா-1 போனார்கள். சென்னா டோல்மன் டீம், பிரண்டில் டைரல். சென்னா மூன்று தடவை உலக சாம்பியன். 41 கிராண்ட் பிரீ வெற்றி. 1994 மே 1, இமோலாவில் சுவரில் மோதி இறந்தார். அன்று அந்தக் கடைசி வினாடியிலும் அவர் போய்க்கொண்டிருந்தது முதல் இடத்தில்.

பிரண்டில் ஃபார்முலா-1-ல் 158 ரேஸ் ஓட்டினார். ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. சிரிக்க வேண்டாம். 1988-ல் உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன், 1990-ல் 24 மணி நேர லெ மான் பந்தய வெற்றி, எல்லாம் அவர் கணக்கில் உண்டு. 1996-ல், மெல்போர்னில் முதல் லேப்பிலேயே அவர் கார் உருண்டு இரண்டாக உடைந்தது. இறங்கி ஓடினார். எங்கே? ஆஸ்பத்திரிக்கு அல்ல. டாக்டரிடம் சரி வாங்கிக்கொண்டு, உபரி காரில் ஏறி மறுபடி புறப்பட. அது அவருடைய கடைசி ஃபார்முலா-1 சீஸன். டீம் எது தெரியுமா? அந்தப் பழைய பேங்க் கிளார்க் எடி ஜோர்டானுடையது. பின்னால் 2005-ல் ஜோர்டான் டீம் வேறு கைக்குப் போயிருந்தாலும், அதே பெயரில் ஓடிய காரில்தான் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் முதல் இந்திய ஃபார்முலா-1 டிரைவராக உட்கார்ந்தார். நரேனும் அதே பிரிட்டிஷ் ஃபார்முலா-3-ல் 1999-ல் ரேஸ் ஜெயித்தவர்தான்.

1997-லிருந்து பிரண்டில் டி.வி. வர்ணனையாளர். புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால், கார்களுக்கு நடுவே மைக்கோடு நடந்து, பெரிய பெரிய மனிதர்களை மடக்கிக் கேள்வி கேட்பார். ஓட்டின காலத்தில் கிடைத்ததைவிடப் பெயர் அதில்தான் அதிகம்.

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு சென்னா பக்தர் உண்டு. "இரண்டாவது இடம் போதும்னு நினைக்கிறவன் உலக சாம்பியன் ஆக முடியுமா, சொல்லுங்க?" என்பார். நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்திருந்தால் சென்னா அந்தப் பட்டத்தை செப்டம்பரிலேயே ஜெயித்திருப்பார். ஆனால், கணக்குப் பார்க்கிறவராக இருந்திருந்தால் அந்த ஒன்பதை ஜெயித்திருப்பாரா என்று எனக்கே சந்தேகம்தான்.

இருந்தாலும் நான் பிரண்டில் கட்சி. ஒன்பது தடவை தோற்றுவிட்டு, பத்தாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, பல் தேய்த்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாரே, அதற்காக. ஜெயித்துப் பழகினவர் பத்தாவது தடவை கிளம்புவது பெரிதல்ல. தோற்றுப் பழகினவர் கிளம்புவதுதான் சமாசாரம். திங்கட்கிழமை காலை எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நமக்கு அது புரியும்.

கட்சியில் சேர விரும்புகிறவர்கள் வரலாம். முதல் உறுப்பினர் நான். இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது!