தன்சானியா: நாடும் மக்களும் ஆட்சியும்

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு எம்மைப் பணித்தபொழுது, இலக்கியப் பொருள் ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனுக்குத் தேசப்படத்தில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைத்தலுங் கூடும். இக்கட்டுரைக்கு வித்திட்டவர் எமது மாணவர் ஒருவரே. புவியியலாசிரியர் வராத ஒரு பாடவேளையில் அவ்வகுப்பை மேற்பார்வை செய்யச் சென்றிருந்தோம். சுவரிலே கிழக்காபிரிக்காவின் குடித்தொகைப் படம் தொங்கியது. மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, தன்சானியா நாட்டு மக்கள் பெரும்பாலும் ஓரங்களிலேயே இருக்கின்றார்களே, நடுவிடம் ஏன் வெறுமையாய்க் கிடக்கின்றது?" என்று வினவினார். யாம் விடை அறிந்திலேம். "நாளை சொல்கின்றோம்" எனத் தவணை வாங்கிக்கொண்டு நூலகம் புகுந்தோம். நிலத்தைப் பற்றித் தொடங்கிய அத்தேடல் ஈற்றில் மொழியிற் போய் முடிந்தது. ஆங்கு அறிந்தவற்றை ஒருவாறு தொகுத்து ஈண்டுத் தருகின்றோம்.

நிலமும் மழையும்

தன்சானியா ஆபிரிக்காவின் கீழ்க்கரையில், மத்திய கோட்டிற்குச் சிறிது தெற்கே அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறக்குறைய 945,000 சதுரக் கிலோமீற்றர். இலங்கையைப் போன்ற பதினான்கு தீவுகளை அதனுள் அடக்கிவிடலாம். கெனியா, உகண்டா, ருவாண்டா, புருண்டி, கொங்கோ, சாம்பியா, மலாவி, மொசாம்பிக் என எட்டு நாடுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. கிழக்கே இந்துமாகடல் கிடக்கின்றது.

ஆபிரிக்காவின் மிக உயர்ந்த இடமும் மிகத் தாழ்ந்த இடமும் இந்நாட்டு எல்லையிலேயே உள்ளன. வடகிழக்கிலுள்ள கிளிமஞ்சாரோ மலை 5,895 மீற்றர் உயரமுடையது. மேற்கெல்லையிலுள்ள தங்கனிக்கா ஏரி ஏறத்தாழ 1,470 மீற்றர் ஆழமுடையது. உலகின் ஏரிகளுள் ஆழத்தில் இரண்டாமிடம் பெறுவது. அதன் அடித்தளம் கடன்மட்டத்திற்கும் மிகக் கீழே உள்ளது. நிலவோடு பிளந்து உண்டான பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் கிளைகள் இந்நாட்டை ஊடறுத்துச் செல்வதே இவ்வேற்றத் தாழ்விற்குக் காரணம். வடமேற்கில் ஆபிரிக்காவின் மிகப் பெரிய ஏரியாகிய விக்ரோரியாவும், தெற்கில் நியாசா ஏரியும் உள்ளன.

இவற்றிற்கு நடுவே கிடப்பது அகன்றதொரு மேட்டுநிலம். அங்கே மழை அரிது. டொடோமா நகரைச் சூழ்ந்த பகுதி ஆண்டொன்றிற் பெறும் மழை 600 மில்லிமீற்றருக்கும் குறைவு. யாழ்ப்பாணக் குடாநாடு பெறுவதிற் பாதி என்று கொள்ளலாம். அதுவும் மார்கழிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட சில திங்களிலேயே பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய காலம் முழுவதும் வறட்சியே. மேற்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கும் காடுகளிலோ செற்சீ என்னும் ஈ வாழ்கின்றது. அது மாந்தர்க்கு உறக்க நோயையும் மாடுகட்குக் கொல்லும் காய்ச்சலையும் பரப்புவது. நீரில்லாத இடத்தில் உழவன் தங்கான். ஈயுள்ள இடத்தில் இடையன் தங்கான். ஆகவே மக்கள் மழையுள்ள ஓரங்களை நாடினர். கிளிமஞ்சாரோச் சாரலில் சாகா மக்கள் மலையருவிகளை வாய்க்கால் வழியே திருப்பி வாழையும் கோப்பியும் வளர்த்தனர். விக்ரோரியா ஏரியின் தென்புறத்தில் சுக்குமா மக்கள் பருத்தி பயிரிட்டனர். தென்மேட்டு நிலங்களில் தேயிலையும் சோளமும், கரையோரத்தில் தென்னையும், தாங்கா நகர்ப்புறத்தில் சிசல் நாரும், சன்சிபார், பெம்பாத் தீவுகளிற் கராம்பும் விளைந்தன. மாணவரின் முதல் வினாவிற்கு இதுவே விடை.

இந்நிலத்தின் இயல்பை மதியாதவர் பட்ட பாட்டிற்கும் ஒரு சான்றுண்டு. இரண்டாம் உலகப் போரின் பின் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் வருந்திய பிரித்தானிய அரசு, 1947 இல் தங்கனிக்காவிற் பெருநிலப் பரப்பைத் திருத்தி நிலக்கடலை, அதாவது நம்மவர் சொல்லும் கச்சான், பயிரிடத் திட்டமிட்டது. டொடோமாவிற்கு அருகே கொங்குவா என்னுமிடத்தில் உழவு யந்திரங்கள் வந்திறங்கின. போர்த் தாங்கிகளும் உழவு யந்திரங்களாக மாற்றப்பட்டன. ஆனால் மழை பொய்த்தது. வெயிலில் அக்களிமண் கல்லாய் இறுகிற்று. நிலத்தினுட் காய்க்கும் கடலையைத் தோண்டி எடுத்தலே அரிதாயிற்று. 3 கோடி 60 இலட்சம் பவுணை இழந்தபின் 1951 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆங்கு வாழ்ந்த கோகோ மக்களோ அம்மண்ணில் எது விளையும், எது விளையாது என்பதைப் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

மக்கள்

2022 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்படி தன்சானியாவின் குடித்தொகை 6 கோடி 17 இலட்சம். இவருள் ஏறக்குறைய 19 இலட்சம் பேர் சன்சிபார்த் தீவுகளில் வாழ்பவர். 1967 இல் மொத்தத் தொகை 1 கோடி 23 இலட்சமாகவே இருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அது ஐந்து மடங்காகிவிட்டது. ஐவருள் இருவருக்கு மேற்பட்டோர் பதினைந்து வயதுக்குட்பட்டவர். இத்துணைச் சிறுவர்க்கும் பள்ளியும் ஆசிரியரும் தேடுவது எத்துணைச் சுமை என்பதை எம் தொழிலோர் எளிதில் உணர்வர். பெருநகராகிய டார் எஸ் சலாமில் மட்டும் 53 இலட்சம் பேர் வாழ்கின்றனர்.

இம்மக்கள் நூற்றிருபதுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுகின்றனர். மிகப் பெரிய இனமாகிய சுக்குமா மக்களும் நாட்டில் ஐந்திலொரு பங்கினை எட்டார். தலைநிலத்திற் கிறித்தவரும் இசுலாமியரும் கலந்து வாழ்கின்றனர். தீவுகளில் இசுலாமியரே மிகப் பெரும்பான்மையோர். ஒருவர்க்கொருவர் தொலைவிலே, நாட்டின் நான்கு ஓரங்களிலும் சிதறி வாழும் இவர்களை ஒரு நாட்டவராக்கியது யாது?

மொழி

விடை காணக் கடற்கரைக்குச் செல்லல் வேண்டும். வாடைக்காற்று வீசும் காலத்தில் அராபியாவிலும் மேற்கு இந்தியாவிலுமிருந்து பாய்க்கப்பல்கள் கிழக்காபிரிக்கக் கரையை அடையும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் அவை தந்தமும் பிற பண்டமும் ஏற்றித் திரும்பும். காற்று மாறும்வரை வணிகர் கரையிற் காத்திருந்தனர். அக்காத்திருப்பில் உள்ளூர் மக்களின் பாந்து மொழியொன்று அரபுச் சொற்களை ஏற்று வளம்பெற்றது. அதுவே சுவாகிலி. 'கரைகள்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லினின்றும் பிறந்தது அப்பெயர். தந்தத்திற்கும் அடிமை வாணிகத்திற்கும் சென்ற கூட்டத்தாரோடு அது உள்நாட்டு வழிகளெங்கும் பரவிற்று. சன்சிபாரின் அடிமைச் சந்தை 1873 இல் மூடப்பட்டது. மொழி மட்டும் நிலைத்தது.

இம்மொழியின் இலக்கணம் தமிழறிந்தார்க்கு இன்பம் பயப்பது. நாம் பன்மையைச் சொல்லின் ஈற்றிற் காட்டுவோம். அவர்கள் முதலிற் காட்டுவர். 'ம்தோத்தோ' என்றால் குழந்தை. 'வதோத்தோ' என்றால் குழந்தைகள். 'கித்தி' என்றால் கதிரை. 'வித்தி' என்றால் கதிரைகள். அரபிலிருந்து 'கித்தாபு' என்னும் சொல் நூலைக் குறித்து வந்தது. அதன் முதலெழுத்தையும் தம் மொழியின் முன்னொட்டாகவே கொண்டு, 'வித்தாபு' எனப் பன்மை ஆக்கிக்கொண்டனர். வந்த சொல் வீட்டுச் சட்டத்திற்கு அடங்கிவிட்டது. வடசொல் தமிழில் வந்து தற்பவமாவதைப் பயின்ற எம் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. நூறாயிரத்தை அவர்கள் 'லக்கி' என்பர். அது நம் இலட்சமே. வண்டியை 'காரி' என்பதும் இந்திய வணிகர் விட்டுச் சென்ற வழக்காகும்.

1880களில் இந்நிலத்தைப் பற்றிய யேர்மானியர் தம் ஆட்சிக் கருமங்களைச் சுவாகிலியிலேயே பெரிதும் நடத்தினர். அவ்வாட்சியின் கொடுமையை எதிர்த்து 1905 இல் மூண்டது மஜிமஜிக் கிளர்ச்சி. மந்திர நீர் குண்டுகளைத் தடுக்கும் என நம்பிப் பல இனத்தவர் ஒன்றாய் எழுந்தனர். 1907 வரை நீடித்த அப்போரிலும் அதனைத் தொடர்ந்த பஞ்சத்திலும் எண்ணிறந்தோர் மாண்டனர். முதலாம் உலகப் போரின்பின் தங்கனிக்கா பிரித்தானியர் கைக்கு மாறியது.

விடுதலை இயக்கத்தை நடத்தியவர் ஓர் ஆசிரியர். யூலியஸ் நியரேரே 1922 இல் புத்தியாமா என்னும் ஊரில், சனாக்கி என்னும் சிற்றினத்துத் தலைவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். மக்கரேரேயிலும் எடின்பரோவிலும் கற்றார். 1954 இல் தங்கனிக்கா ஆபிரிக்கத் தேசிய ஒன்றியத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு ஆசிரியப் பணியைத் துறந்தார். ஊரூராய்ச் சென்று அவர் பேசியது சுவாகிலியில். பெருமொழி எதுவும் அதனாற் சிறுமையுறவில்லை. ஏனெனிற் சுவாகிலி மிகச் சிலர்க்கே தாய்மொழி. 1961 மார்கழி 9 இல் நாடு விடுதலை பெற்றது. 1967 இல் ஆரம்பப் பள்ளிகளின் போதனாமொழி சுவாகிலியாயிற்று. நியரேரே சேக்சுபியரின் 'யூலியஸ் சீசர்', 'வெனிசு வணிகன்' ஆகிய நாடகங்களைத் தாமே சுவாகிலியில் ஆக்கினார். நாட்டின் தலைவரான பின்னும் மக்கள் அவரை அழைத்த பெயர் 'முவாலிமு'. அதன் பொருள் ஆசிரியர். 1967 இன் பின்னர்க் குடிக்கணக்கெடுப்பில் இனமும் சமயமும் வினவப்படுவதில்லை என்பதும் குறிப்பிடற்பாலது.

ஆட்சி

சன்சிபார் 1963 மார்கழியிற் சுல்தானின் கீழ்ச் சுதந்திரம் பெற்றது. ஒரு திங்கள் கழிந்து, 1964 தை 12 இல் அங்கே புரட்சி வெடித்தது. அராபியரும் இந்திய வழியினருமாக ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு சித்திரை 26 இல் தங்கனிக்காவும் சன்சிபாரும் ஒன்றாயின. இரு பெயர்களின் முதலெழுத்துகளையும் இணைத்து எழுந்ததே தன்சானியா என்னும் பெயர்.

இவ்வொன்றியத்தின் அமைப்பு நூதனமானது. ஐந்தாண்டுக்கொருமுறை மக்கள் ஒரு சனாதிபதியையும் பாராளுமன்றத்தையும் தெரிவர். எவரும் இருமுறைக்கு மேற் சனாதிபதியாதல் இயலாது. பாதுகாப்பு, வெளிநாட்டலுவல், குடியுரிமை, நாணயம் முதலியன ஒன்றிய அரசிற்குரியவை. சன்சிபாருக்குத் தனியே ஒரு சனாதிபதியும் பிரதிநிதிகள் சபையும் உண்டு. வேளாண்மை, சுகாதாரம், பள்ளிக் கல்வி ஆகியவற்றை அவ்வரசு பார்க்கும். தலைநிலத்திற்கோ தனியரசு இல்லை. ஒன்றிய அரசே அதனையும் ஆளும். தம் குரல் அமிழ்ந்துவிட்டதென்று தீவினரும், தமக்கென ஓர் அரசில்லையென்று தலைநிலத்தாரும் முறையிடுவதுண்டு. அம்முறைப்பாடு இன்னும் தீர்ந்திலது.

தலைநகரைக் கடற்கரையிலிருந்து வறண்ட நடுநிலத்து டொடோமாவிற்கு மாற்றுவதென 1973 இல் முடிவு செய்தனர். நாட்டின் எம்மூலையில் வாழ்வோர்க்கும் அரசு ஒத்த தொலைவில் இருத்தல் வேண்டும் என்பது கருத்து. அம்முடிவு முற்ற நிறைவேற நாற்பதாண்டுக்கு மேலாயிற்று. மாணவர் சுட்டிய அவ்வெறுமை நிலத்தின் நடுவில் இன்று பாராளுமன்றம் கூடுகின்றது.

குறைகளையும் மறைத்தலாகாது. 1967 இல் அருசாப் பிரகடனத்தின் வழி 'உஜமா' என்னும் குடும்பநெறிச் சமவுடைமை கொள்கையாயிற்று. எழுத்தறிவு பரவியது நன்மை. ஆனால் 1970களில் இலட்சக்கணக்கான உழவர் புதிய கூட்டுக் கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர், பலர் வலிந்து பெயர்க்கப்பட்டனர், விளைவு குன்றிற்று. கச்சான் திட்டத்தார் செய்த பிழையையே, வேறு நோக்கத்தோடு, நாட்டவரும் செய்தனர். 1985 இல் நியரேரே தாமாகவே பதவி நீங்கினார். மக்களிற் பெரும்பாலோர் ஒரு கட்சி ஆட்சியே போதும் என்று விசாரணைக் குழுவொன்றின்முன் கூறியபோதும், எஞ்சியோர் கருத்தை மதித்து அக்குழு பலகட்சி முறையைப் பரிந்துரைத்தது. 1992 இற் சட்டமும் திருத்தப்பட்டது. ஆயினும் இன்றளவும் ஆட்சி மாறியதில்லை. 2021 இற் சன்சிபாரைச் சேர்ந்த சாமியா சுலுகு அசன் அம்மையார் முதற் பெண் சனாதிபதியானார். 2025 ஐப்பசித் தேர்தலிலே முதன்மை எதிர்க்கட்சி போட்டியிட இடம்பெறவில்லை. அதன் தலைவர் சிறையிலிருந்தார். வீதிகளிற் கிளர்ச்சியும் உயிரிழப்பும் நேர்ந்தன. மொழியால் ஒன்றாதல் வேறு, மாற்றுக்குரலுக்குச் செவி கொடுத்தல் வேறு என்பதை இது காட்டுகின்றது.

இரண்டாவது வினா

மறுநாள் இவற்றைச் சுருக்கிச் சொன்னோம். கேட்டிருந்த அம்மாணவர் மீண்டும் எழுந்தார். "அப்படியானால், ஐயா, அந்த நூற்றிருபது மொழிகளும் என்னாயின?" என்றார்.

அதற்கு மகிழ்ச்சியான விடை இல்லை. அம்மொழிகள் நெடுங்காலமாகப் பள்ளிகளிற் கற்பிக்கப்படவில்லை. நகரத்துப் பிள்ளைகள் பலர் பாட்டன் பாட்டியின் மொழியைக் கேட்டறிவரேயன்றிப் பேசார். மற்றொரு புறத்தில், ஆரம்பப் பள்ளியிற் சுவாகிலியிற் கற்ற பிள்ளை இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத்தை எதிர்கொண்டு திகைத்து நிற்கின்றது. பொதுமொழி தந்த நன்மை பெரிது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று.

மொழி மக்களைச் சேர்க்கவும் வல்லது, பிரிக்கவும் வல்லது என்பதை இலங்கையராகிய நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. எவர் மொழியையும் தாழ்த்தாத ஒரு பொதுமொழியைத் தேர்ந்தமை தன்சானியரின் அறிவுடைமை. வீட்டுமொழிக்கும் பள்ளியில் ஒரு மூலை ஒதுக்கியிருந்தால் அவ்வறிவுடைமை நிறைவுற்றிருக்கும் என்பது எமது துணிபு. வினா எழுப்பிய மாணவர் எம்மினும் நன்றாக அதனை உணர்ந்திருந்தார். இத்தகைய வினாக்கள் எமது வகுப்பறைகளில் மேலும் மேலும் எழுவனவாக.