பழைய லாரிக்குப் புது ஸ்பீக்கர்: அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 'வாட்ஸ்' கணக்கை நம்பலாமா?

ராஜாக்கமங்கலம் துறையில் மீன் ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பும் குட்டியானை ஆகட்டும், தேங்காய் லோடோடு கேரளா போகும் பழைய லாரி ஆகட்டும், கேபினில் பாட்டு இல்லாமல் ஓட்டுவது ரொம்ப கஷ்டம். (தூக்கம் வந்துவிட்டால் பாட்டு காப்பாற்றாது, வண்டியை ஓரங்கட்டித் தூங்குவதுதான் வழி.) அந்த ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்தால் குறைந்த செலவில் எதை மாற்றுவது?

முதலில், கெட்டது ஸ்பீக்கர்தானா?

செட்டின் பின்பக்கம் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கரகரப்பு அடுத்த ஸ்பீக்கருக்குப் போனால் கோளாறு செட்டில். அதே ஸ்பீக்கரில் நின்றால், அந்த ஸ்பீக்கரோ அதற்குப் போகும் ஒயரோ கெட்டிருக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு ஒயரின் செம்பு பச்சை பிடித்துவிடும். நுனியை வெட்டி, புதிதாகச் சீவி மாட்டினாலே சில வண்டிகளில் பாட்டு திரும்ப வந்துவிடும். செலவே இல்லை.

12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

பெரிய நஷ்டம் வருவது இங்கேதான். 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டியானை, 12 வோல்ட் வண்டி. பெரிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். ஆனால் கடையில் கிடைக்கும் கார் செட் 12 வோல்ட்டுக்கானது. அதனால் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து லைன் இழுத்து செட்டை ஓடவிடுவது உண்டு. பாட்டு நன்றாகத்தான் பாடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் கூடுதலாக இறங்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும். நாளடைவில் இரண்டுமே சீக்கிரம் படுத்துவிடும். பேட்டரி விலை தெரியும்தானே? 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போடுவது அதைவிட ரொம்ப மலிவு.

வாட்ஸ் கணக்கு

பெட்டியில் '300 வாட்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது ஒரு நொடிப்பொழுது தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்குவது எவ்வளவு என்பது பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஆர்எம்எஸ்' என்று இருக்கும், அதைப் பாருங்கள். சாதாரண செட் உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்குத் தருவது சுமார் 20 வாட்ஸ்தான். ஆகவே ஆம்ப்ளிஃபையர் வைக்காத வண்டிக்கு 30, 40 ஆர்எம்எஸ் தாராளம்.

அதைவிட முக்கியம் 'சென்சிட்டிவிட்டி'. 3 டெசிபல் கூடினால், பாதி பவரிலேயே அதே சத்தம் கிடைக்கும். 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தரும் சத்தத்துக்கு, 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட்ஸ் வேண்டும். என்ஜின் இரைச்சலுக்கு நடுவே இது நன்றாகவே தெரியும். 4 ஓம் ஸ்பீக்கராக எடுங்கள். ஒரே லைனில் இரண்டைச் சேர்த்து மாட்டினால் 2 ஓம் ஆகி, செட் சூடாகிப் போகலாம்.

சைஸ், கோன்

இருக்கும் ஓட்டைக்கே பொருந்தும் சைஸ் நல்லது. பெரிசாக வைக்க கதவுத் தகரத்தை வெட்டினால், வெட்டிய ஓரத்தில்தான் துரு தொடங்கும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஓரத்துக்கு பிரைமர் அடியுங்கள். கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் இடிக்காத அளவு ஆழம் இருக்கிறதா என்பதையும் அளந்துவிட்டு கடைக்குப் போங்கள். மழைத்தண்ணீர் இறங்கும் கதவுக்கு பேப்பர் கோன் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் கோன் தாங்கும்.

கடைசியாக, பழைய ரேடியோ இருந்த வண்டிகளில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை பாடியோடு சேர்த்திருப்பார்கள். புது செட்டுக்கு அது ஆகாது, சுவிட்ச் போட்டதுமே செட் போய்விடலாம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாக இரண்டு ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். செட்டுக்குப் போகும் பேட்டரி லைனில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் போடச் சொல்லுங்கள்.