புனிதரின் மனைவி ஞானப்பூ அம்மாள்!

2022 மே 15. வாட்டிகனில் போப் பிரான்சிஸ், தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது குமரி மாவட்டமே கொண்டாடியது. அன்றைக்கு அதிகம் பேசப்படாத பெயர் ஒன்று உண்டு. பார்கவி அம்மாள், புனிதரின் மனைவி.

இலந்தவிளைப் பெண். கணவர் நீலகண்ட பிள்ளை, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி. வீட்டில் குறையில்லை. டச்சுத் தளபதி டிலனாயிடம் இயேசுவைப் பற்றிக் கேட்டறிந்த நீலகண்டன், 1745-ல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பார்கவியும் பெற்றார், பெயர் ஞானப்பூ ஆனது. அந்தக் காலத்தில் அது சொந்தபந்தம், சாதி, ஊர் எல்லாவற்றையும் பணயம் வைக்கிற காரியம்.

பயந்தது நடந்தது. 1749-ல் கணவர் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச்சென்றார்கள். மூன்று வருடம் சித்திரவதை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் கதை அங்கே முடிந்தது. ஞானப்பூவுக்கு இன்னும் 14 வருடம் பாக்கி இருந்தது. திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்தில், தான் ஏற்ற விசுவாசத்தை விடாமல் விதவையாக வாழ்ந்து 1766-ல் காலமானார். துப்பாக்கி முன் நின்றவரைப் பற்றி ஏடு ஏடாக எழுதிய வரலாறு, இவருக்கு ஒதுக்கியது ஒன்றிரண்டு வரிகள்தான்.

கணவர் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம், மனைவி வடக்கன்குளத்தில். காற்றாடிமலைக்குப் போகிறவர்கள் அப்படியே வடக்கன்குளம் போய், அங்கேயும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வரலாம்.